வீட்டில் இல்லாதவள்

கொபிலோ என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது, அந்தப் பிள்ளையின் மூக்கருகே நான் மூக்குப்பொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற அன்றுதான். எங்களில் குழந்தை பிறந்தால், தகப்பன் வழியில் செத்துப்போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுவோம். எந்தப் பெயருக்குத் தும்முகிறதோ அவர் திரும்பி வந்துவிட்டார் என்று அர்த்தம். என் ஓரகத்தி தப்சபெய்யின் மடியில் கிடந்த அந்தப் பெண்பிள்ளை எதற்கும் தும்மவில்லை. நல்ல பெயர்களெல்லாம் தீர்ந்துபோயின. கடைசியில் என் மாமியார் வேண்டாவெறுப்பாக, "கொபிலோ" என்றார். உடனே தும்மியது.

அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு எட்டு வருஷமாகியும் அப்படி ஒரு பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மெதுவாக விசாரித்தேன். மாமனாருக்கு அத்தை முறையாம். பஞ்சத்தில் தானியம் தேடிப் பள்ளத்தாக்குக்கு இறங்கினவள், ஏறி வரவில்லையாம்.

"சரி, வந்துட்டா. இனி என்ன பண்றது, திருப்பியா அனுப்ப முடியும்?" என்றாள் தப்சபெய். அழுதுகொண்டே சிரிக்கிற ஆள் அவள்.

கொபிலோவின் தகப்பன், என் கொழுந்தன், அவள் நடை பழகுவதற்குள் செத்துப்போனான். தப்சபெய் வீட்டுக்குப் பின்னால் சோளத்தில் சாராயம் காய்ச்ச ஆரம்பித்தாள். மேட்டுக்குப் போலீஸ் ஏறி வரும். பிள்ளைகளுக்கு அவள் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று. "யார் வந்து கேட்டாலும் சரி, யாரைக் கேட்டாலும் சரி, வீட்ல இல்லன்னு சொல்லு." ஒரு தடவை பாதிரியார் வந்து நின்றபோது கொபிலோ, "அம்மா வீட்ல இல்ல" என்றாள். உள்ளே தப்சபெய் தேவாலயப் பாட்டை முழுத்தொண்டையில் பாடிக்கொண்டிருந்தாள். பாதிரியார் அந்தப் பாட்டு முடியும்வரை நின்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓடித்தான் போவார்கள். கொபிலோ மட்டும் கடைசியாக, நடந்து போவாள். கனத்த பிள்ளை, வாய் திறக்காது. வயது வந்ததும் மரக்வெட் பக்கம் கட்டிக்கொடுத்தோம். ஒரு பெண் பிறந்து, தவழ ஆரம்பித்த சமயத்தில் காய்ச்சல் வந்து இறந்துபோனது. அடுத்து எதுவும் தங்கவில்லை. புருஷன் வீட்டாரே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். தாய் வீட்டுச் சுவரோரம் உட்கார்ந்தவள் அடுத்த மழைக்காலம் வரை அங்கேயே இருந்தாள். கோழிகள் அவள் பாதத்தின் மேல் ஏறி நடந்து போகும், உதற மாட்டாள்.

எங்கள் வீட்டு வாசல் வழியாகப் போகும் செம்மண் சாலையில் கிமையோவின் ஓட்டக் கூட்டம் காலையில் போகும். கிமையோ பழைய ஓட்டக்காரன், பக்கத்து ஊர் இட்டெனில் ஓட்டப் பயிற்சி கொடுப்பவன். ஒருநாள் பால் ஊற்றப் போன கொபிலோ, கேனை என் வாசலில் வைத்துவிட்டு, பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, அவர்கள் பின்னால் போய்விட்டாள். வெயில் ஏறிய பிறகு நொண்டிக்கொண்டு வந்தாள். சட்டையில் வாந்தி.

"எங்கடி போன?"

"அந்த வளைவு வரைக்கும்."

"எதுக்கு?"

"தெரியல பெரியம்மா. நாளைக்கும் கேன வெச்சிட்டுப் போவேன், பாத்துக்க."

மறுநாளும் போனாள். பையன்கள் திரும்பிப் பார்த்து, "அம்மா, பால் திரிஞ்சிடப் போவுது, வீட்டுக்குப் போங்க!" என்று கத்துவார்கள். அவளுக்கு அப்போது இருபத்துநாலு வயதுகூட இல்லை. அவள் ஓட்டம் வளைவு தாண்டி சர்ச் வரை, அப்புறம் பாலம் வரை என்று நீண்டது. ஒருநாள் சோளம் உதிர்த்துக்கொண்டிருக்கும்போது அவளாகவே சொன்னாள். "மேடு ஏறும்போது மூச்சு வாங்குது பாரு, அப்ப எம் புள்ள நெனப்பு வராது பெரியம்மா. எறங்கும்போது வரும். அதான் எறங்குனதும் திரும்ப ஏறிடறேன்."

அதற்குப் பிறகு நான் ஏன் என்று கேட்கவில்லை.

கிமையோ அவளைச் சேர்த்துக்கொண்டபோது என்னிடம் சொன்னான். "இவளுக்கு வேகமே இல்லம்மா. ஆனா நிக்கச் சொன்னாலும் நிக்க மாட்டேங்கிறா. நெடுந்தூரத்துக்கு இது போதும்." போதத்தான் செய்தது. உள்ளூரில் ஓடினாள், நைரோபியில் ஓடினாள், பிறகு பனி பெய்கிற ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில் மாரத்தான் ஓடி மூன்றாவதாக வந்தாள். ஜெயித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வழக்கப்படி, கரி தடவிய குடுவையில் புளித்த பாலோடு நாங்கள் சாலையில் போய் நின்றோம். அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தேன். தாய்க்குச் சிமெண்டு வீடு கட்டினாள். சாராயப் பானைகளை அவளே பள்ளத்தில் உருட்டிவிட்டாள்.

"என் பொழப்பே போச்சுடி!" என்று தப்சபெய் கத்தினாள், பெருமை தாங்காமல்.

பெரிய ஓட்டக்காரி ஆனதும் ஒரு கட்டுப்பாடு வந்தது. மருந்து ஊசி எதுவும் போடுகிறார்களா என்று பார்க்க சோதனைக்காரர்கள் சொல்லாமல் வருவார்கள். ஒவ்வொரு நாளும் எந்த ஒரு மணி நேரம் எங்கே இருப்பாய் என்று முன்கூட்டியே போனில் எழுதி அனுப்ப வேண்டும். சொன்ன நேரத்தில் சொன்ன இடத்தில் இல்லாவிட்டால் அது ஒரு தப்பு. ஒரு வருஷத்துக்குள் மூன்று தப்பு சேர்ந்தால், மருந்து எடுத்தவனுக்கு என்ன தண்டனையோ கிட்டத்தட்ட அதே தண்டனைதான்.

"கட்டுன புருஷன்கூட இவ்ளோ கேக்க மாட்டான்" என்று நாங்கள் சிரித்தோம்.

முதல் தப்பு, தப்சபெய்யின் அண்ணன் பள்ளத்தாக்கில் இறந்தபோது. சாவு வீட்டில் யார் போனை எடுப்பார்கள்? அங்கே சிக்னலும் கிடையாது. இரண்டாவது, மழையில் சாலை அறுந்து வேன் நின்றுவிட்ட நாள். மூன்றாவதுதான் விஷயம்.

அவள் அதுவரை இட்டெனில் வாடகை அறையில் இருந்தாள். சோதனைக்காரர்கள் அங்கேதான் வருவார்கள், தப்சபெய் அவர்களைக் கண்ணால் கண்டதில்லை. அறுவடைக்காக அந்த ஒரு வாரம் தாய் வீட்டில் இருப்பதாக எழுதி அனுப்பியிருந்தாள் கொபிலோ. நைரோபியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்து, பின்கட்டில் படுத்துத் தூங்கிப்போனாள். கரண்டு இல்லாததால் போன் செத்துக் கிடந்தது. விடிகிற நேரம் வண்டியில் ஓர் ஆணும் பெண்ணும் வந்து இறங்கினார்கள். கழுத்தில் அட்டை, கையில் பை. வாசலில் நின்று, "கொபிலோ இருக்காங்களா?" என்றார்கள்.

"வீட்ல இல்ல" என்றாள் தப்சபெய்.

"எங்க போயிருக்காங்க?"

"நைரோபி போனா. எப்ப வருவாளோ, யாருக்குத் தெரியும்?"

அவர்கள் போகவில்லை. ஒரு மணி நேரம் கேட்டுக்கு வெளியே நின்றார்கள், போன் அடித்துப் பார்த்தார்கள். தப்சபெய் கேட்டைத் திறக்கவில்லை. உள்ளே தூங்குகிறவளையும் எழுப்பவில்லை. அவர்கள் போன பிறகு கஞ்சி காய்ச்சினாள். கொபிலோ எழுந்து வந்ததும், "எவனோ வந்தானுங்கடி, வெரட்டிட்டேன்" என்றாள். கொபிலோ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

விசாரணை எல்டோரெட் டவுனில் ஒரு வக்கீல் அறையில், கம்ப்யூட்டர் திரையில் நடந்தது. என் சர்ச் கோட்டைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தப்சபெய் வந்தாள். கூடவே நானும் போனேன். வழியெல்லாம், "ஜெயில்ல போடுவாங்களா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆனால் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் ஒன்றையும் மறைக்கவில்லை. சாராயம் காய்ச்சினது, போலீசுக்குப் பயந்தது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது, எல்லாம் சொன்னாள். "எம் பொண்ணு உள்ளதான் தூங்குனா. நாந்தான் பொய் சொன்னேன் ஐயா."

திரையில் இருந்த ஆள் மரியாதையாகத்தான் கேட்டார். "அன்னைக்கு இல்லன்னு சொன்னீங்க. இன்னைக்கு இருந்தாங்கன்னு சொல்றீங்க. இதுல எதம்மா நாங்க நம்பறது?"

தப்சபெய் எங்கள் எல்லாரையும் பார்த்தாள். ஒரு தாய் மகளுக்காக என்னவும் சொல்லுவாள் என்று தீர்ப்பில் எழுதிவிட்டார்கள். இரண்டு வருஷம் தடை.

ஊரில் யாருக்கும் இந்த நியாயம் விளங்கவில்லை. வீட்டில் இல்லாததற்குத்தான் தண்டனை என்று சொன்னால், "நெருப்பில்லாம இவ்ளோ பெரிய தண்டனையா?" என்றார்கள். கடைத்தெருவில் அவளுக்கு 'ஊசிக்காரி' என்று பெயர் விழுந்தது. கிமையோ எங்கள் வீட்டுக்கே வந்து நின்றான், தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு.

"தடை முடியற வரைக்கும் கூட்டத்தோட நீ ஓடக்கூடாது கொபிலோ. எனக்கே சீட்டுக் கிழிஞ்சிடும்."

"ஒரே ரோட்டுல ஓடலாமா?"

"ரோடு யாருக்கும் சொந்தமில்லையே."

"எவ்ளோ தள்ளி ஓடுனா ஒண்ணா ஓடுனதா ஆகாது?"

கிமையோ தரையைப் பார்த்தான். "அது எனக்குத் தெரியாதும்மா."

அதனால் அவள் ஒரு வளைவு பின்தங்கி ஓடினாள். அவர்கள் கிளப்பிவிட்ட செம்புழுதி அடங்குவதற்கு முன் அந்தப் புழுதிக்குள் வருவாள். திரும்பும்போது எதிரெதிரே கடக்க நேரும். கூட ஓடிய பெண்கள் சாலையின் மறுபக்கத்துக்கு மாறிக்கொள்வார்கள். இட்டென் அறையைக் காலி செய்துவிட்டுத் தாய் வீட்டுக்கே வந்திருந்தாள், ஆனால் முதல் சில மாதம் தாயோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. களி கிண்டி முன்னால் வைப்பாள், போய்விடுவாள்.

"திட்டிடேன்டி. ரெண்டு அடி போட்டுடேன்" என்று தப்சபெய் கெஞ்சுவதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கேட்டிருக்கிறேன்.

"ஓடப் போறேன்" என்பாள் கொபிலோ. அவ்வளவுதான்.

தடையில் இருந்தாலும் சோதனை நிற்காது, மறுபடி ஓட நினைத்தால். தப்சபெய் விடியுமுன் கேட்டைத் திறந்துவைத்து, முக்காலி போட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுவாள், பனியிலும் மழையிலும். வாரக்கணக்கில் யாரும் வரமாட்டார்கள். கடைசியில் அந்த இரண்டு பேர் வந்தபோது, வண்டி நிற்பதற்கு முன்பே ஓடிப்போய் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாளாம். "இருக்கா, இருக்கா, உள்ள இருக்கா! நல்லாப் பாத்துக்கோங்க, இவதான்!" அன்றைக்குக் கொபிலோ, "போதும்மா, அவங்க கைய விடு. உள்ள வா, குளுருது" என்றாள். அதோடு பேச்சு வந்துவிட்டது. ஆனால் வாசல் குளிர் நெஞ்சில் தங்கிவிட்டது. தடை முடிவதற்குள் தப்சபெய் போய்ச் சேர்ந்தாள். அவித்த உருளைக்கிழங்கை மகள் ஊட்ட, ஒரு வாய் வாங்கிக்கொண்டு, "ரொம்ப தூரம் ஓடாத" என்றாள். கொபிலோ காரியம் முடியும்வரை ஓடவில்லை. அவள் ஓடாமல் இருந்தது, எனக்குத் தெரிந்து, அந்த நாட்களில் மட்டும்தான்.

தடை முடிந்ததும் கிமையோவிடம் போய் நின்றாள். "வா. பின்னாடி நில்லு" என்றான் அவன். இப்போது யாரும் சாலையின் மறுபக்கத்துக்கு மாறிக்கொள்ளவில்லை. ஆனால் யாரும் பக்கத்திலும் வரவில்லை. வயது முப்பத்தாறு ஆகிவிட்டது. எல்டோரெட்டில் நடந்த ஓட்டத்தில் பதினேழாவதாக வந்தாள். சாலையோரம் நின்றவன் ஒருவன், "ஊசி தீந்துபோச்சா?" என்று கத்தினான். நான் அங்கேதான் இருந்தேன், செருப்பைக் கழற்றிவிட்டேன்.

"விடு பெரியம்மா" என்றாள் அவள், தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே. "நீ அவனப் பாத்துட்டு நின்னுட்ட. நான் கடைசி மேட்டுல மூணு பேர தாண்டுனேன், அதப் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. பார்த்தேன் என்று சொன்னேன்.

கொபிலோ இப்போது இட்டெனில், மரக்கடைக்குப் பின்னால் இருக்கும் வரிசை அறைகளில் கடைசி அறையில் தனியாக இருக்கிறாள். கிமையோவின் கூட்டத்தோடு ஓடுகிறாள். வெளிநாட்டு ஓட்டம் எதற்கும் அவளை இன்னும் யாரும் கூப்பிடவில்லை.