அக்கா எழுதிய எட்டு முடிச்சு

“…அவ சொன்னதைத்தான் நான் நோட்டுல எழுதியிருக்கேன், கிராணி ஐயா. அவ இதோ இங்கதான் உட்கார்ந்திருக்கா. துவானை அவளையே கேக்கச் சொல்லுங்க.”

அக்கா இதைச் சொன்னது மாவட்ட அலுவலகத்தில், இருபது பேர் முன்னிலையில். கிராணி ஐயா எங்கள் பேச்சை மலாயில் சொல்ல வந்த தோட்டக் கணக்கர், துவான் அங்கிருந்த அதிகாரி. அந்த ‘அவ’ நான்தான், அவருடைய ஒரே தங்கை. அக்கா மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில் இந்நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களுக்கு, அந்தப் பேச்சு எப்படி வந்தது என்று சொல்லாமல் வேறு எதைச் சொன்னாலும் அது பாதிப் பேச்சாகிவிடும்.

அக்கா பிறந்தது அசாம் ஜாவா பக்கத்துத் தோட்ட லயத்தில், தொழிலாளர் வரிசை வீடு ஒன்றில். மூன்று வருஷம் கழித்து நானும் அங்கேயே பிறந்தேன். அந்தப் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்தில் இருக்கும். வெள்ளைச் சட்டையைத் துவைத்தால் பழுப்புச் சட்டையாகக் காயும். “மாப்பிள்ளைய அப்புறம் பாக்கலாம், முதல்ல அவங்க கிணத்த எட்டிப் பாக்கணும்” என்பார் அப்பா. சொன்னபடியே தேடி, கெர்லிங் பக்கம் ஒரு கம்பத்தில், சின்னக் கிராமத்தில், அண்ணன் தம்பி இருவருக்கு எங்களைக் கட்டிக் கொடுத்தார். மேட்டில் அக்கா வீடு. சற்றுத் தள்ளிச் சரிவில் என் வீடு. இரண்டு வீட்டிலும் கிணறு இருந்தது. அப்பா எட்டிப் பார்த்தது மேல் கிணற்றை மட்டும்தான் என்று நான் பல வருஷம் முணுமுணுத்திருக்கிறேன்.

அக்கா கிணற்றுத் தண்ணீரில் அடியில் கிடக்கும் கல்லை எண்ணலாம். என் கிணற்றில் துரு வாசனை. எதிர்வீட்டு முனியம்மா, “பெரியவ வீட்டுத் தண்ணில வெறும் சோறு வடிச்சாலும் விருந்துடி” என்று என் வாசலிலேயே நின்று சொல்வார். வருஷா வருஷம் அம்மன் கரகத்துக்கு அக்கா கிணற்றில்தான் தண்ணீர் எடுப்பார்கள். என் வீட்டுக்காரர்கூட வேலை விட்டு வந்தால், சைக்கிளை மேல்வீட்டில் நிறுத்தி, அண்ணி கையால் ஒரு செம்பு வாங்கிக் குடித்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். என் வயிறு எப்படி எரிந்திருக்கும் என்று பெண்களுக்குத் தெரியும்.

அக்கா வீட்டுக்காரர் லோரி விபத்தில் போனபோது அக்காவுக்கு முப்பத்து நாலு வயது. இரண்டு பிள்ளைகளையும் தையல் மிஷின் மிதித்தே படிக்க வைத்தார். யாரிடமும் போய் நிற்கவில்லை. கம்பமே அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. நானும் கும்பிட்டேன். ஆனால் அவரைப் புகழ்ந்தவர்கள் பெயரெல்லாம் எனக்கு மனப்பாடம்.

நாலைந்து வருஷத்துக்கு முன், சரிவுக்குக் கீழே இருந்த தோட்ட நிலத்தில் இருநூறு வீடு கட்டப் போவதாகப் பலகை நட்டார்கள். எங்கள் பக்கம் குழாய்த் தண்ணீர் இன்னும் வரவில்லை. அதுவரை அந்த இருநூறு வீட்டுக்கும் பூமியைத் துளைத்துத் தண்ணீர் எடுப்பதாகத் திட்டம். முதலில் இரண்டு வாரம் பம்பு ஓட்டிச் சோதிப்பார்களாம். எங்கள் பதினாலு வீட்டுக்கும் கிணற்றை விட்டால் வேறு தண்ணீர் கிடையாது. அக்கா மாவட்ட அலுவலகத்துக்குப் போய் முறையிட்டார். வாய்ப்பேச்சு வேண்டாம், கிணறு இறங்குகிறது என்றால் எழுதிக் கொண்டு வாருங்கள் என்றார்கள்.

அக்கா பதினாலு கயிறு திரித்தார். சாணுக்கு ஒரு முடிச்சு, முனையில் ஒரு கல். காலையில் கல்லை அடிவரை இறக்கித் தூக்கினால், எத்தனை முடிச்சு நனைந்திருக்கிறதோ அத்தனை தண்ணீர். சாயங்காலம் அக்கா பள்ளிக்கூட நோட்டோடு வீடு வீடாக வந்து கேட்டு எழுதுவார். பம்பு ஓடுவதற்கு முன் அக்கா கிணறு ஒன்பது, என் கிணறு எட்டு. அதிலும் அவர்தான் மேல்.

பம்பு ஓட ஆரம்பித்து நாலாம் நாள், மேல் கிணறு ஏழுக்கு வந்துவிட்டது என்று அக்கா கவலையோடு சொன்னார். முதல் மூன்று நாளும் நான் கயிறு விட்டுப் பார்க்காமலே பழைய எட்டையே சொல்லியிருந்தேன். அன்றைக்குத்தான் விட்டேன், ஆறு. பம்புக்கு மிக அருகில் இருந்தது என் கிணறுதான். நான் வாயைத் திறந்தேன், வந்தது “எட்டு.”

கூட இருந்த முனியம்மா, “அட, சின்னவ கிணறு மேல போயிருச்சே. அப்ப இந்த வருஷம் கரகத்துக்கு இங்கதான் எடுக்கணும் போல” என்றார். பத்தொன்பது வருஷம் காத்திருந்து கேட்ட பேச்சு அது. மறுநாளும் எட்டு என்றேன். என் கிணறு ஐந்து, நாலு என்று இறங்கி, கடைசி நாள் மூன்றுக்கு வந்து வாளி சேற்றில் முட்டியது. அன்றைக்கும் எட்டு. அக்கா என் முகத்தை ஒருமுறை பார்ப்பார். “சரி, எட்டு” என்று எழுதிக்கொண்டு போவார்.

பிற்பாடு நடந்தவற்றுக்கு நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். எங்கள் வழக்கு முடியுமுன் பம்பை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லி, தன் கையாலேயே என் கிணற்றில் கயிறு விட்டுப் பார்த்த அலுவலகப் பணியாளருக்கு நன்றி. குழாய் வரும்வரை அங்கே வீடு கட்டக்கூடாது என்று எழுதிக் கொடுத்த அதிகாரிக்கு நன்றி. அக்கா நெஞ்சு வலியோடு மருத்துவமனையில் கிடந்த பதினெட்டு நாளும் முறை வைத்துத் துணைக்கு வந்த கம்பத்துப் பெண்களுக்கும், முகம் சுளிக்காமல் பார்த்த தாதியருக்கும், ஈமக் காரியத்தைத் தங்கள் வீட்டுக் காரியமாக நடத்திய கோயில் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று வந்த கூட்டத்தைப் பார்த்து, எனக்கு இதில் பாதி வருமா என்று அழுகைக்கு நடுவிலும் நினைத்தேன். அக்கா கேட்டால் சிரித்திருப்பார்.

மருத்துவமனையில் அவர் கேட்டதெல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். ஒருநாள் சொல்லாமல் என் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுபோனேன். ஒரு வாய் குடித்துவிட்டு, “துரு வாசனை. உன்னோடதுதானே” என்றார். மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இனி, பாதியில் விட்ட பேச்சு.

அலுவலகத்தில் வீடமைப்புக்காரர்களின் பொறியாளர் அக்காவின் நோட்டைப் புரட்டி, என் வரிசையில் விரல் வைத்தார். பம்புக்கு மிக அருகில் இருக்கும் கிணறு இரண்டு வாரமும் அசையவே இல்லை. மற்றவை இறங்கியது வெயிலால், அல்லது இந்த நோட்டே கட்டிய கதை என்று அவர் சொன்னதைத் தோட்டத்துக் கிராணி ஐயா எங்களுக்குத் தமிழில் சொன்னார். பம்பு நின்று பத்து நாள் ஆகியிருந்தது. கிணறுகள் மறுபடி ஊறிவிட்டதால், போய்ப் பார்த்தும் பயனில்லை. பதினாலு வீட்டுக்காரர்களும் அக்காவைப் பார்த்தார்கள். அப்போதுதான் அக்கா அவளையே கேளுங்கள் என்றார்.

நான் எழுந்தேன்.

“எட்டு இல்ல, ஐயா. நான் பொய் சொன்னேன். கடைசி நாள் மூணுதான்.”

கிராணி ஐயா மலாயில் சொல்லிவிட்டு, அதிகாரி கேட்டதை என்னிடம் திருப்பினார். “ஏம்மா பொய் சொன்னே?”

“எங்க அக்கா கிணத்த விட ஒசத்தியா இருக்கட்டும்னு.”

யாரும் சிரிக்கவில்லை. பொறியாளர் மட்டும், நேற்று எட்டு, இன்று மூன்று, இதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்.

அக்கா கையை நீட்டி நோட்டை வாங்கினார். கவிழ்த்து, பின்பக்கமாகத் திறந்து, அதிகாரி முன் வைத்தார். கடைசித் தாளின் தலையில் ‘கீழ்வீடு’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே தேதி போட்டு எட்டு, ஏழு, ஆறு, ஐந்து என்று மூன்று வரைக்கும் பதினாலு நாள் இருந்தது. நான் ரப்பர்த் தோட்டத்துக்குப் பால் மரம் வெட்டப் போன பிறகு, தினமும் காலையில் வந்து என் கிணற்றில் அவரே கயிறு விட்டிருக்கிறார். நான் எழுந்திருக்காவிட்டால் அந்தத் தாளைத் திருப்பியிருப்பாரா, எனக்குத் தெரியாது. இதிலும் என்னை முந்திவிட்டாரே என்றுதான் அந்த நொடியிலும் எனக்குத் தோன்றியது.

அக்கா என்னைப் பார்க்கவில்லை. தம் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து, நான் உட்கார இடம் விட்டார்.