நோய்க்கு வம்சம் தேடி அலைந்த கதை

அடுத்தவர் வம்சாவளியை விசாரிக்கப் போகிறவன் முதலில் தன்னுடையதை ஒப்பித்தாக வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. வீடு வீடாகப் படியேறிக் கேள்வி கேட்டுப் பிழைத்தவர்களுக்கு இது புரியும். நாம் ஒன்று கேட்டால் அவர்கள் ஒன்பது கேட்பார்கள். யுத்த காலத்தில் தர்மபுரிப் பக்கம் ஒரு டாக்டரிடம் எனக்கு இந்த வேலை. பரம்பரை நோய்கள் எந்த வழியாக இறங்கி வருகின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். சீமையில் படித்த வங்காளி, தமிழ் தெரியாது. அதனால் கேள்வி அவருடையது, திட்டு என்னுடையது.

பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்தவன்

கடத்தூருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் பழனி என்று ஒரு இரண்டு வயதுப் பிள்ளை. விழுந்து நாக்கைக் கடித்துக்கொண்டதில் நாள்கணக்காக ரத்தம் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் பிழைத்ததே பெரிய காரியம். ரத்தம் உறையாத பரம்பரை நோய், சின்னக் காயம்கூட ஆபத்து என்றார் டாக்டர். அந்தக் குடும்பத்தில் இன்னும் யாருக்கெல்லாம் இருந்தது என்று விசாரிக்க என்னை அனுப்பினார்.

"வீட்டில் ஆம்பிளைகள் எத்தனை பேர்?" என்று கேட்டதுதான் தாமதம், தெருவில் இருந்த வாலிபர்கள் அத்தனை பேரும் சோளக்காட்டுக்குள் புகுந்துவிட்டார்கள். நான் பட்டாளத்துக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறேனாம். பிள்ளையின் தாய் ராசம்மாளுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் பார்த்த முகம் நினைவிருந்தது. தண்ணீர் கொடுக்கும் சாக்கில் பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்: "தை மாசம் கொழந்தைக்குக் காது குத்தறாங்கண்ணா. வேண்டாம்னா எங்க மாமியாரு கேக்க மாட்டேங்கறாங்க. பட்டாளத்துக்கு வேணும்னா என்னையப் புடிச்சிக்கிட்டுப் போங்க, காதுகுத்த மட்டும் நிறுத்திக் குடுங்க."

நாற்பத்தெட்டு

மாமியார் நஞ்சம்மாள் லேசுப்பட்ட ஆள் இல்லை. பேரனுக்கு வந்த நோய்க்கு அவரிடம் விடை தயாராக இருந்தது. ராசம்மாளின் தகப்பனார் பாப்பாரப்பட்டிக்காரர். அந்தப் பாப்பாரப்பட்டி ரத்தம்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று ஊர் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஞானம் புகட்டக் கிளம்பினேன். மனுஷ உடம்பில் கண்ணுக்குத் தெரியாத நூல்துண்டு மாதிரி குரோமோசோம் என்று ஒன்று உண்டு, மொத்தம் நாற்பத்தெட்டு, பாதி தாய் கொடுப்பது, பாதி தகப்பன் கொடுப்பது, நோயும் அதில்தான் ஏறி வருகிறது என்றேன். அன்றைக்கு உலகமே நாற்பத்தெட்டு என்றுதான் நம்பியது. பின்னாளில் ஒழுங்காக எண்ணிவிட்டு நாற்பத்தாறுதான் என்று திருத்தினார்கள்.

நஞ்சம்மாள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "நீங்க எண்ணிப் பாத்தீங்களா?" என்றார். இல்லை, டாக்டர் சொன்னார் என்றேன். "அவரு எண்ணுனாரா?" அவர் புத்தகத்தில் படித்தார் என்றேன். நஞ்சம்மாள் எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "சாயங்காலம் ஆட்டப் பட்டியில அடைக்கறப்ப நானே எண்ணிப் பாத்துத்தானுங்க படல் சாத்துவேன்."

மேலே ஏறும் கோடு

ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், நோயாளி என்றால் உள்ளே கருப்பு: இப்படி வம்சத்தை வரைந்து டாக்டரிடம் கொடுக்க வேண்டும். ராசம்மாளைக் கட்டியவர் அவளுடைய தாயோடு பிறந்த தம்பி, அதாவது சொந்தத் தாய்மாமன். ஆகவே அவளுக்கு மாமியாரும் நஞ்சம்மாள்தான், தாயைப் பெற்ற ஆயாவும் நஞ்சம்மாள்தான். நம் பக்கத்தில் இதை யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

டாக்டர் பார்த்தார். கல்யாணக் கோடு பக்கவாட்டில் போகாமல் ஒரு தலைமுறை மேலே ஏறுவதைக் கண்டதும் நான் தூங்கிக்கொண்டே வரைந்துவிட்டதாக நினைத்துப் பேனாவால் கோட்டை அடித்துவிட்டார். திரும்ப வரைந்தேன், திரும்ப அடித்தார். தாய்மாமன்தான் எங்களில் உரிமைக்காரன், வெளியே கொடுத்தால்தான் சண்டை என்று விளக்கினேன். பேனாவை மூடிவிட்டுச் சொன்னார்: "உங்கள் ஊர் வம்சத்துக்கு ஸ்கேல் எதற்கு, காம்பஸ் போதுமே."

காதுகுத்து

தை பிறந்துவிட்டது. எனக்குச் சோறு இறங்கவில்லை. கடைசி முயற்சியாகப் போய், உங்கள் பிறந்த வீட்டில் சின்ன வயதில் யாராவது தவறினார்களா என்று நஞ்சம்மாளிடம் கேட்டேன். ஒரு தம்பி இருந்தானாம். குலசாமிக்கு நேர்ந்துகொண்ட காதுகுத்தைத் தகப்பனார் வருஷாவருஷம் தள்ளிப் போட்டார். கடைசியில் குத்தியபோது ரத்தம் நிற்காமல் பிள்ளை போய்விட்டான். தாமதித்ததற்குச் சாமி எடுத்துக்கொண்டது என்று அன்றைக்கே ஊர் தீர்மானித்துவிட்டது. பேரனுக்கு ஒரு நாளும் தள்ளக்கூடாது என்று அந்த அம்மாள் நின்றது இதனால்தான்.

வாசலில் கரித்துண்டால் வரைந்து காட்டினேன். இந்த நோய் பெண்களுக்குள் ஒளிந்து இறங்கி ஆண்பிள்ளைகளைப் பிடிக்கும். தம்பி கருப்புக் கட்டம். அவனைப் பெற்றவளிடமிருந்து நஞ்சம்மாள், நஞ்சம்மாளிடமிருந்து மகள், மகளிடமிருந்து ராசம்மாள், அப்புறம் பழனி. பாப்பாரப்பட்டி வழியில் கோடே இல்லை. நஞ்சம்மாள் தம்பியின் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப சாமி எடுக்கலீங்களா?" என்றார். இல்லையம்மா என்றேன். "எங்கப்பன ஆயுசு பூரா பேசாத பேச்செல்லாம் பேசிப்புட்டனே" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

ஆனால் சாமிக்கு நேர்ந்தது நேர்ந்ததுதான். குயவரிடம் சொல்லி பழனி உயரத்துக்கு ஒரு மண்பொம்மை செய்தார்கள். ராசம்மாளின் அண்ணன் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, ஆசாரி வெகு மரியாதையாக அதற்குக் காது குத்தினார். பழனி தாயின் இடுப்பில் இருந்தபடி பொம்மையின் கடுக்கனுக்காக அழுதான். விருந்துக்கு வந்த பாப்பாரப்பட்டிச் சம்பந்தி, அதாவது ராசம்மாளின் தகப்பனார், எங்கள் ரத்தத்தில் வந்த நோய் என்றீர்களே என்று மெதுவாக ஆரம்பித்தார். நஞ்சம்மாள் பரிமாறிய கையை நிறுத்தினார்: "அது எங்க பொறந்தவூட்டு நோவுங்க. பாப்பாரப்பட்டிக்காரங்க யாரும் அதுல பங்குக்கு வரக்கூடாது."

மருந்தே இல்லாத ஒரு நோய்க்குச் சொந்தக்காரி யாரென்று காட்டிக் கொடுத்ததுதான் நாங்கள் அந்த ஜில்லாவில் செய்த ஒரே வைத்தியம்.