காட்டேரிக்கு வைத்த இலை

கர்ப்பிணிகளின் இரத்தத்தைக் குடிப்பவளுக்கு எங்கள் பக்கத்தில் காட்டேரி என்று பெயர். ஆலங்குடிக்குத் தெற்கே நான் வாழ்க்கைப்பட்ட ஊரில் அவளுக்கு இருப்பிடமும் உண்டு. ஓடைக்கரை முந்திரித் தோப்பு. ஊர்ப் பெண்கள் வெளிக்குப் போவதும் அங்கேதான். அப்படிப் போய்வந்தவர்களில் சிலர் வெளுத்துப் போனார்கள், நாலெட்டு நடந்தால் மூச்சு வாங்கினார்கள், வயிற்றுப் பிள்ளையோடு செத்தும் போனார்கள். ஆகவே காட்டேரி அங்கே குடியிருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. இடத்தைச் சரியாகத்தான் கண்டுபிடித்திருந்தார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஐம்பதுகளில் நான் இளைய மருமகளாக அந்த வீட்டுக்குப் போனபோது, மூத்த மருமகள் வாயும் வயிறுமாக இருந்தாள். எனக்கு ஓரகத்தி முறை. அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது அவள் வாய் ஓயாது, என்னை அழுகிற வரைக்கும் கேலி பண்ணுவாள். அப்படிப்பட்டவள் ஆறாம் மாதத்தில் வரப்பு ஏற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். முகம் ஊதிவிட்டது, உதடு சாம்பல் பூத்துக் கிடந்தது. அடுப்பு மண்ணைப் பெயர்த்து ஒளித்து ஒளித்துத் தின்றாள். கேட்டால், "வாய் கேக்குதுடி, நான் என்ன செய்ய" என்பாள்.

மாமியார் அவள் கண்ணைப் பார்த்ததுமே, "காட்டேரி புடிச்சிருச்சு" என்றார். அவர் கெட்டவர் இல்லை. பெற்ற மகளை இதே மாதிரி பிரசவத்தில் பறிகொடுத்தவர். அந்தப் பயம் அவருக்குள் உட்கார்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை தோறும் படையல் என்று ஏற்பாடு பண்ணினார். ஈரச் சேலையோடு, வெறுங்காலோடு, கர்ப்பிணியே சுமந்து போய்த் தோப்பில் இலை போடவேண்டும். சோறு, கருவாடு, அவித்த முட்டை, முருங்கைக்கீரை, கருங்கோழி ஈரல். வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும்.

வீட்டில் அக்காவுக்கு என்ன சாப்பாடு தெரியுமா? அரைவயிற்று ரசச்சோறு. கருவாடு கரப்பான், முட்டை சூடு, வயிறு முட்டத் தின்றால் பிள்ளை பெருத்து வெளியே வராது. இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. காட்டேரிக்குப் பத்தியம் கிடையாது.

நான் சண்டை போட்டுத்தான் அவளைப் பஸ் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனேன். டாக்டரம்மா அவள் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். கால் விரல் இடுக்கில் அரித்ததா என்று கேட்டார். அக்கா தலையாட்டினாள்.

"காட்டேரின்னு சொல்றாங்களா? பாதி நெசந்தாம்மா. ரத்தம் குடிக்கிறது ஒண்ணு இருக்கு, ஆனா அது ஒன் வயித்துக்குள்ள இருக்கு. கொக்கிப் புழு. வெளிக்கிப் போற எடத்து ஈர மண்ணுல கெடந்து, வெறுங்கால் வழியா ஏறிக் குடல்ல தொங்கிக்கிட்டு உறிஞ்சுது. புழுவுக்கு மருந்து பிள்ளை பொறந்தப்பறம் தர்றேன். இப்ப ரத்தம் ஊற மாத்திரை தர்றேன். நல்லாச் சாப்பிடு. தோப்புக்குச் செருப்பில்லாமப் போகாத."

காட்டேரியை விரட்ட என்று வாராவாரம் அவளை வெறுங்காலோடு அந்த மண்ணுக்குத்தானே அனுப்பிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் வந்து சொன்னேன். "சாமிகிட்டப் போகையில செருப்பா? மாமனார் முன்னாடி மருமக செருப்புப் போட்டு நடந்தா ஊரு காறித் துப்பாதா?" என்றார் மாமியார். சரி, மாத்திரையாவது தின்னட்டும் என்று விட்டேன். அதுவும் நிலைக்கவில்லை. அந்த மாத்திரை தின்றால் வெளிக்குக் கருப்பாகப் போகும். அவ்வளவுதான், கெடுதல் ஒன்றுமில்லை. அப்போது எங்களுக்கு அது தெரியாது. அக்கா பயந்துபோய் மாமியாரிடம் சொல்லிவிட்டாள்.

"உள்ள இருக்க கொஞ்ச ரத்தத்தையும் கருக்கி வெளிய தள்ளுதுடி" என்று மாமியார் மாத்திரையை எருக்குழியில் கொட்டினார். நான் கத்தினேன். அக்காதான் என் கையைப் பிடித்தாள். "விட்டுரு. எனக்கும் பயமா இருக்கு" என்றாள்.

எட்டாம் மாதத்தில் வலி கண்டது. மாட்டு வண்டியில் பஸ் ரோட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் என் மடியிலேயே போய்விட்டாள்.

பிள்ளையைச் சுமந்தபடியே செத்தவளின் பாரம் இறங்கட்டும் என்று ஒரு சுமைதாங்கிக் கல் நட்டார்கள். சுடுகாட்டிலிருந்து வீடுவரை கடுகு இறைத்தார்கள். ராத்திரி அவள் வீட்டுக்கு வரப் புறப்பட்டால், அதைப் பொறுக்கி முடிப்பதற்குள் விடிந்துவிடுமாம். பிள்ளையோடு செத்தவள் காட்டேரியாகத்தான் வருவாள் என்பது ஊர்க்கணக்கு. வெள்ளைக்காரர் ஊர்களிலும் சயரோகத்தில் ஒரு வீடே வெளுத்து விழும்போது, முதலில் செத்தவர்தான் வந்து மற்றவர்களை உறிஞ்சுகிறார் என்று பிணத்தைத் தோண்டினார்களாம். பின்னாளில் ஏதோ பத்திரிகையில் படித்தேன். செத்தவளால் எதிர்த்துப் பேச முடியாது, பழியைப் போடுவதற்கு அதைவிட வசதி வேறென்ன.

அடுத்த வருஷம் நான் உண்டானேன். டாக்டரம்மாவிடம் கேட்டு வாங்கி வந்த மாத்திரையை மிளகாய்ப் பானைக்குள் ஒளித்து வைத்துத் தின்றேன். எனக்கும் கருப்பாகத்தான் போனது. ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. ஆனால் படையலிலிருந்து தப்ப முடியவில்லை. பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறித்தானே ஆகவேண்டும். இந்தத் தடவை படையல் அக்காவுக்கு.

"தின்னுட்டுப் போயிரு, எங்கிட்ட வராதன்னு சொல்லி வச்சிட்டு வா" என்று மாமியார் கூடையைக் கையில் கொடுத்தார்.

கூடைக்கு அடியில் செருப்பை வைத்துக்கொண்டு போனேன். தோப்போரம் வந்ததும் மாட்டிக்கொண்டேன். பொழுது இன்னும் சாயவில்லை. இலையைப் போட்டுச் சோற்றை வைத்தேன். கருவாடு, முட்டை, கீரை, ஈரல். அவள் கேட்டுக் கேட்டுக் கிடைக்காமல் போன அத்தனையும் அங்கே இருந்தது. "எங்கிட்ட வராத" என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவளிடம் போய் அதையா சொல்வது?

நான் உட்கார்ந்து தின்ன ஆரம்பித்தேன். அழுதுகொண்டே தின்றேன். ஒரு பருக்கை விடவில்லை. எழுந்திருக்கும்போது, பந்தியில் செய்கிற மாதிரி, கை தானாக இலையை மடித்துவிட்டது.

மறுநாள் காலையில் மாமியார் தோப்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாய் இழுத்த இலையை எத்தனையோ தடவை பார்த்தவர். வந்ததும் அடுப்படியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"எலைய மடிச்சு வச்சிருக்காடி. ஒரு பருக்கை இல்ல" என்றார். பிறகு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு கேட்டார்.

"இம்புட்டுப் பசியோடயா இருந்தா அவ, எங்கிட்ட?"