கம்பெனி போன பிறகும் ஓடும் கார்

எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரைச் செய்த கம்பெனி இப்போது இந்த நாட்டில் கிடையாது. விற்பனை போதவில்லை என்று மூட்டை கட்டிக்கொண்டு போய்ச் சில வருடங்கள் ஆகிவிட்டன. கார் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. அதை நான் ஓட்டுகிறேன்.

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். புது ஆட்கள் முன்னால் எனக்குப் பேச்சு வராது. கடையில் சாமான் கேட்பதற்குக்கூட மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்வேன். அப்படிப்பட்டவள் காயல்பட்டினத்திலிருந்து பாளையங்கோட்டை வரை கார் ஓட்டிப் போகிறேன் என்றால், அதற்கு இந்தக் காரின் குணமும் ஒரு காரணம்.

என் வீட்டுக்காரர் கலியாணமான நாளிலிருந்து வளைகுடாவில்தான் இருந்தார். அங்கே ஒரு கடையின் சாமான் வண்டி ஓட்டினார். ஒருமுறை விடுமுறையில் வந்திருந்தபோது கார் வாங்கலாம் என்று என்னைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் பக்கத்து வண்ணார்பேட்டைக்குப் போனார். முதலில் நுழைந்த ஷோரூமில் எங்களுக்குப் பின்னால் வந்தவர்களை முதலில் கவனித்தார்கள். இந்தக் கம்பெனியின் ஷோரூமில் ஆளே இல்லை. உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். காரின் பெயரைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. அங்கே டாக்சியெல்லாம் இந்தக் கம்பெனிதான், மணலிலும் வெயிலிலும் கிடந்து ஓடும் என்றார். விலையும் மற்ற எல்லாவற்றையும்விடக் குறைவு.

கம்பெனியின் கதையை விற்பனையாளர் சொன்னார். எங்கோ ஒரு குளிர் நாட்டில், சண்டை முடிந்து சனங்கள் இல்லாமைப்பட்ட காலத்தில், சைக்கிள் வைத்திருப்பவனும் ஒரு கார் வாங்கட்டும் என்று தொடங்கிய கம்பெனியாம். இல்லாமல் சமாளிக்க முடிகிற எதையும் காரில் வைக்கமாட்டார்களாம். அதைப் பெருமையாகச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எங்களுக்கும் அது விளங்கியது. பின்பக்கக் கண்ணாடிகளைக் கையால் சுற்றி இறக்க வேண்டும். டிக்கியைச் சாவி போட்டுத்தான் திறக்க வேண்டும். இடப்பக்க வெளிக்கண்ணாடியே கிடையாது, தனியாக வாங்கி மாட்டினோம். சித்திரை வெயிலில் ஏசியைப் போட்டால் முன்னால் இருப்பவருக்கு முழங்கை மட்டும் குளிரும்.

ஊரில் இதற்குத் தகர டப்பா என்று பெயர். என் தம்பி ஏறும்போதெல்லாம் ஒன்று சொல்வான்.

"லாத்தா, கதவைப் பைய சாத்துங்க. இந்தக் கதவைச் சாத்துனா அந்தக் கதவு தொறந்துக்கிடும்."

அவர் மறுபடி வளைகுடாவுக்குச் சபர் போன பிறகு கார் உறை போட்டு நின்றது. உம்மாவுக்குச் சர்க்கரையால் கண்ணில் கோளாறு. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்க் கண்ணில் ஊசி போட வேண்டும். கூப்பிட்டால் வரும் டிரைவர்கள், கலியாண நாட்களில் வரவே மாட்டார்கள். இரண்டு தடவை ஊசி தவறிப்போனது. அதன்பிறகுதான் ஆறுமுகநேரியில் ஒரு டிரைவிங் பள்ளியில் சேர்ந்தேன்.

எங்கள் ஊரில் வீடுகளுக்குப் பின்னால் முடுக்கு என்று ஒடுங்கிய சந்துகள் உண்டு. பெண்கள் மட்டும் நடக்கிற வழி. பிறந்ததிலிருந்து ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு நான் அப்படித்தான் போய் வந்திருக்கிறேன். லைசென்ஸ் வாங்கி முதல்முதலாகத் தனியாகக் காரை எடுத்தபோது, பெரியும்மா வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்தேன். முடுக்கு வழியாகக் கண்ணை மூடிக்கொண்டு போவேன். தெரு வழியாக எப்படிப் போவது என்று தெரியவில்லை. அந்த வீட்டின் முன்வாசலை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. பிறந்த ஊரில் தெருத் தெருவாகச் சுற்றினேன். வழி கேட்கவும் வெட்கம். கடைசியில் ஒரு வாசற்படியில் பெரியும்மா வீட்டுப் பூனை உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துத்தான் வண்டியை நிறுத்தினேன்.

அப்புறம் பழகிவிட்டது. குரும்பூர், தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் என்று வயலும் வாழையுமாகப் போகிற அந்த ரோட்டில் எந்த இடத்தில் வாய்க்கால் ரோட்டை ஒட்டி வரும், எந்த வளைவில் ஆடு நிற்கும் என்று எனக்குத் தெரியும். கார் எடை குறைவு, திருப்புவது லேசு. முக்கியமாக, யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரிய கார் என்றால் உள்ளே யார் என்று குனிந்து பார்ப்பார்கள். விலை குறைந்த காருக்கு அந்தத் தொல்லை இல்லை. என்னைப்போல் ஆளுக்கு அது பெரிய வசதி.

இதே கார் வைத்திருப்பவர்கள் மட்டும் பார்ப்பார்கள். எதிரில் வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்குவார்கள். முதலில் நான் பேசாமல் போய்விடுவேன். பிறகு விரலை மட்டும் தூக்கினேன். இப்போது கையையே தூக்குகிறேன்.

கம்பெனி போன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. சர்வீசுக்கு விடலாம் என்று வண்ணார்பேட்டைக்குப் போனால், ஷோரூம் இருந்த இடத்தில் மெத்தைக் கடை இருந்தது. கார்கள் நின்ற கண்ணாடிக்குப் பின்னால் மெத்தைகளை நிமிர்த்தி வைத்திருந்தார்கள். யாரிடம் கேட்பது என்று தெரியாமல் வாசலில் நின்றேன். காவல்காரர் வந்து, இரட்டைக் கட்டில் மெத்தையா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, உள்ளே போய் நாலு மெத்தைக்கு விலை கேட்டுவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அன்றிலிருந்து மேலப்பாளையத்தில் ஒரு பொது மெக்கானிக்கிடம் விடுகிறோம். பிரேக் கட்டை வேறொரு கம்பெனியுடையது பொருந்தியது. வைப்பர், பெல்ட் எல்லாம் எப்படியோ கிடைத்தன. ஆனால் ஸ்ரீவைகுண்டம் சந்தைப் பக்கம் முன்னால் நின்ற ஒரு லோடு ஆட்டோ பின்னோக்கி வந்து முட்டியதில் இடப்பக்க முகப்பு விளக்கு நொறுங்கியபோது, அது எங்கேயும் கிடைக்கவில்லை. மஃரிபு பாங்குக்கு முன்னால், இருட்டுமுன் வீடு திரும்புவதாக வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

அந்த நேரத்தில்தான் அவர் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கே வந்தார். வளைகுடாவிலேயே பழைய வண்டிகளைப் பிரிக்கும் இடத்தில் தேடி, இதே காரின் விளக்கு ஒன்றை வாங்கி, கம்பளியில் சுற்றிக் கையிலேயே வைத்துக் கொண்டுவந்தார். மற்றவர்கள் செண்டும் பால்பவுடரும் கொண்டுவந்த விமானத்தில் இவர் மடியில் கார் விளக்கு. மெக்கானிக் மாட்டினார். அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது. எரிந்தது.

விளக்கை மாட்டிக் காரை விற்றுவிடுவது என்பதுதான் அவர் எண்ணம் என்று பிறகு தெரிந்தது. விளக்கு உடைந்த காரை யார் வாங்குவார்? நாங்குநேரியில் ஒரு ஆள் கேட்டிருக்கிறார், வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு வருகிறார் என்றார். கம்பெனியே இல்லாத காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பெரிய காராக வாங்கலாம், இனிமேல் நான் ஓட்டுகிறேன், நீ கஷ்டப்பட வேண்டாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். பெரிய காரை நான் தொடமாட்டேன் என்று எனக்குத் தெரியும். இது போனால் என் ஓட்டமும் இதோடு நின்றுவிடும். சோறு பரிமாறினேன்.

அந்த வாரம் உம்மாவுக்கு ஊசி. அவர்தான் ஓட்டினார். நான் இடப்பக்கம், உம்மா பின்னால். நான் ஓட்டினால் உம்மா வாய் மூடமாட்டார்கள். மருமகன் ஓட்டும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட என் தோளைத் தொட்டுக் காதில் சொன்னார்கள். எங்கள் வீட்டில் மாமியார் மருமகனிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டம். கிளம்பவே அசர் தொழுகை தாண்டிச் சாயங்காலம் ஆகிவிட்டது. கருங்குளம் தாண்டும்போது இருட்டத் தொடங்கியது. அவர் விளக்கைப் போட்டார். எதிரில் வந்தவர்களெல்லாம் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள், நான் இறக்கித்தானே வைத்திருக்கிறேன் என்றார். ஸ்ரீவைகுண்டத்தில் எதிரே வந்த பஸ் எங்கள் பக்கத்தில் நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"ஏலே, எங்க கண்ணை அவிக்கணும்னு கெளம்பியிருக்கியா? லைட்டை எறக்கு வே. பின்னால அம்பது பேரு உக்காந்திருக்கான்."

அவர் காரை நகர்த்தினார். முகம் சுருங்கிவிட்டது. ரோட்டின் நடுவும் எதிர்ப்பக்கமும் பகல்போல் தெரிந்தன. இடப்பக்க ஓரம்தான் கறுப்பாகக் கிடந்தது. அந்த ஓரத்தில்தான் ஆள் நடப்பார்கள், சைக்கிள் வரும். ஆழ்வார்திருநகரிக்கு முன்னால் புல்லுக்கட்டு வைத்த ஒரு சைக்கிள் அந்தக் கறுப்புக்குள் போய்க்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

"பைய, மச்சான், பைய. இடப்பக்கம் ஆளு."

பிரேக்கை மிதித்தார். புல்லுக்கட்டு எங்கள் கண்ணாடியை உரசிக்கொண்டு தப்பியது. சைக்கிள்காரர் திரும்பிப் பார்க்காமலே போனார்.

கொஞ்சம் தள்ளி ஒரு அரிசி ஆலையின் மதிலை ஒட்டி நிறுத்தச் சொன்னேன். மதிலைப் பார்த்து முன்பக்கம் இருக்கும்படி நிறுத்தினார். இறங்கிப் பார்த்தேன். வலப்பக்கத்துப் பழைய விளக்கின் வெளிச்சம் சுவரில் இடது பக்கமாக ஏறியது. புது விளக்கின் வெளிச்சம் வலது பக்கமாக ஏறியது. இரண்டும் கத்தரிக்கோல்போல் விரிந்து நின்றன. அவரும் இறங்கி வந்தார்.

"இது நீங்க இருந்த ஊரு ரோட்டுக்குச் செஞ்ச வெளக்கு மச்சான். அங்கன வண்டி வலப்பக்கம் போவும். அதான் ஓரத்தைக் காட்டுததுக்கு அந்தப் பக்கம் வீசுது."

அவர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு அது சரியாத்தான புள்ள தெரிஞ்சுது," என்றார்.

இத்தனை வருடம் அவர் பார்த்து ஓட்டிய வெளிச்சம் அது. உம்மாவின் மருந்துப் பையிலிருந்து பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, புது விளக்கின் வலப்பாதியில் ஒட்டினோம். வெளிச்சம் அடங்கியது. அவர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு இடப்பக்கம் போய் உட்கார்ந்தார். பைய ஓட்டி வந்தேன். எதிரில் வந்தவர்கள் யாரும் ஒன்றும் செய்யவில்லை. குரும்பூர் வந்ததும் உம்மா பின்னாலிருந்து ஆஸ்பத்திரி நர்சின் கம்மலைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

வீட்டில் அவர் சொன்னது வேறு மாதிரி இருந்தது. பார்த்தாயா, இதற்குத்தான் விற்கச் சொல்கிறேன், ஒரு விளக்குக்கு வழியில்லை என்றார். அவர் சொன்னதில் தவறில்லை.

வெள்ளிக்கிழமை நாங்குநேரிக்காரர் வந்தார். நெற்றியில் நாமம், தோளில் துண்டு, ஐம்பது வயதிருக்கும். நான் கதவுக்கு உள்ளே நின்றேன். வந்தவர் காரைச் சுற்றி வந்து, பானெட்டைத் திறந்து, உட்கார்ந்து எழுந்து பார்த்தார். ஓட்டிப் பார்க்கவே இல்லை. அதுதான் எனக்கு வினோதமாக இருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள் என்றார்.

"வேண்டாம் அண்ணாச்சி. எங்கிட்டயும் இதே காருதான் நிக்கி. சாமான் கெடைக்க மாட்டேங்குல்லா. ஒண்ணைப் பிரிச்சு வச்சுக்கிட்டா இன்னொண்ணை நிம்மதியா ஓட்டலாம்னு பாக்கேன்."

அவர் கெட்ட ஆள் இல்லை. தன் காரை அவ்வளவு விரும்புகிறார். என் காரின் கதவும் சீட்டும் என்ஜினும் தனித்தனியாக அவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடக்கும். நான் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்தேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்க்கவில்லை.

"காரு விக்கலை அண்ணாச்சி. நான் ஓட்டுதேன்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்நிய ஆள் முன்னால் நான் இப்படிப் பேசி அவர் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. நாங்குநேரிக்காரர் என்னையே கூர்ந்து பார்த்தார். பிறகு சிரித்தார்.

"கருங்குளம் பக்கம் எதுக்க வந்து கையைத் தூக்குத அக்கா நீங்கதானா? அப்ப விக்கவா செய்வீய."

என் வீட்டுக்காரர் வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் அவரை உட்கார வைத்துத் தேநீர் கொடுக்கச் சொன்னார். இரண்டு பேரும் கம்பெனியைத் திட்டிக்கொண்டே குடித்தார்கள். இங்கே விற்கத் தெரியாமல் விற்றான், இல்லையென்றால் கம்பெனி நாட்டைவிட்டுப் போயிருக்காது என்று ஒருவர். வளைகுடாவில் இந்தக் கார் இன்றைக்கும் ஓடுகிறது என்று இன்னொருவர். கோயம்புத்தூரில் இதே கார் ஒன்று பிரிக்கக் கிடப்பதாக நாங்குநேரிக்காரர் பிற்பாடு கேள்விப்பட்டு, இடப்பக்க விளக்கை பஸ்சில் போட்டு அனுப்பினார். வலப்பக்கத்தைத் தனக்கென்று எடுத்துக்கொண்டாராம்.

கார் விஷயமாக நாங்கள் அப்புறம் பேசவில்லை. பெரிய கார் பற்றிக் கேட்பவர்களிடம், பார்ப்போம் என்கிறார். அடுத்த ஊசிக்குப் போனபோது, கேட்காமலே இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தார். வளைகுடாவில் அவர் உட்கார்ந்து ஓட்டிய பக்கம்தான், இங்கே ஸ்டீயரிங் மட்டும் இல்லை. தென்திருப்பேரை வளைவில் ஆடுகள் நின்றன. பிரேக் இல்லாத இடத்தில் அவருடைய வலதுகால் தரை விரிப்பை அழுத்துவதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவர் பார்க்கவில்லை. வண்டியைப் பைய நிறுத்தினேன். ஆடுகள் கடந்து போகும்வரை மூன்று பேரும் காத்திருந்தோம்.