திருப்பி அனுப்பும் தேசம்

கலெக்டர் ஆபீஸில் முப்பத்து மூன்று வருடம் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எந்த விதியையும் மறந்ததில்லை. மறந்திருந்தால் என் வீட்டார் சந்தோஷப்பட்டிருப்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், எனக்கு இருபத்தாறு வயதிருக்கும்போது, கோயமுத்தூரில் பாஸ்போர்ட் மனுக்களைப் பார்ப்பது என் மேஜை. மனுக்கள் அபூர்வமாகத்தான் வரும். ஆகவே விதிப் புத்தகங்களைப் படிக்க நிறைய நேரம் கிடைத்தது. வினை அங்கேதான் ஆரம்பம்.

என் அக்காவின் கணவர் துடியலூருக்கு மேற்கே ஒரு கிராமத்தில் வாத்தியார். ஒரே கூடத்தில் ஐந்து வகுப்பு. கடலைப் பார்க்காமலே எல்லாச் சமுத்திரங்களையும் நடத்திக்கொண்டிருந்தார். ஊர் அவர்மேல் உயிரையே வைத்திருந்தது. ஒரு ஐப்பசியில் அவருக்கு மூன்று கடிதங்கள் வந்தன. ரங்கூனில் ஒரு பள்ளிக்கூடம், மலாயாவில் ஒரு தோட்டப் பள்ளி, தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் டர்பன் பக்கம் தமிழர்கள் நடத்தும் ஒரு பள்ளி. மூன்றுக்கும் அவரே எழுதிப் போட்டிருந்தார். அக்காவுக்கு மட்டும் தெரியும்.

"எதுக்குப் போலாம்னு நீதான் சொல்லோணும், மாப்பிள்ளை" என்றார் என்னிடம். என் வாழ்க்கையில் யாரும் என்னிடம் இவ்வளவு நல்ல கேள்வி கேட்டதில்லை.

மறுநாள் சாயங்காலம் மணியகாரர் வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்து பதில் சொன்னேன். கிராமத்து அதிகாரி என்ற முறையில் மணியகாரரிடம்தான் போலீஸ் விசாரிக்கும். அவர் காதில் போட்டுவைப்பது நல்லது என்று என் எண்ணம். ஊரில் பாதி வந்து உட்கார்ந்துவிட்டது.

"ரங்கூனுக்குக் காகிதமே வேண்டாம். பர்மா இன்னும் நம்ம இந்தியாவோடதான் ஒட்டியிருக்கு. டிக்கெட் எடுத்தால் கப்பல். மலாயாவுக்கும் பெரிய கெடுபிடி இல்லை, தோட்டத்துரை கடிதம் போதும், எத்தனை வருஷமும் இருக்கலாம். நேட்டால்தான் கஷ்டம். அங்கே நம்மவர்களை இப்போது உள்ளே விடுவதில்லை. வாத்தியாருக்கு மட்டும் தற்காலிக அனுமதிச் சீட்டு தருவார்கள். அதற்கு பாஸ்போர்ட், அதற்கு போலீஸ் விசாரணை."

மச்சானுக்கு நேட்டால்தான் பிடித்தது. அங்கே ஒரு நேரத்துக்கு ஒரு வகுப்புத்தான். புத்தகசாலையும் உண்டாம். தைக்குள் காகிதம் கைக்கு வராவிட்டால் வேறு ஆளை வைத்துக்கொள்வார்கள். அக்காவுக்கு மூன்றில் எதுவானாலும் சரி, கடல் வந்தால் போதும்.

மணியகாரர் வெற்றிலையை மடித்தபடி சாதாரணமாகக் கேட்டார். "ஏனுங் தம்பி, இந்த பாஸ்போட்டு ஆருக்கெல்லாம் குடுக்க மாட்டாங்க?"

கேட்டால் சொல்லாமல் இருக்க எனக்குத் தெரியாது. ஜெயிலுக்குப் போனவன், பைத்தியம் பிடித்தவன், எல்லாவற்றுக்கும் மேலாகக் காங்கிரஸ்காரன் என்று விரல் விட்டு எண்ணினேன். "காங்கிரஸ் என்று ஒரு வரி வந்தால் போதும், மனு அங்கேயே செத்தது" என்று அழுத்தியும் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

கார்த்திகைக் கடைசியில் விசாரணை அறிக்கை என் மேஜைக்கு வந்தது. மச்சான் போட்ட மனுவை, உறவு என்பதால் நான் பார்க்கக்கூடாது என்று எழுதிக் கோப்பின் மேலேயே வைத்திருந்தேன். அதை யாரும் படிக்கவில்லை. உள்ளே மணியகாரரின் வாக்குமூலம்: "மேற்படி வாத்தியார் காங்கிரஸ் அபிமானி. இவர் வீட்டில் தினமும் நூல் நூற்கப்படுகிறது. துரைத்தனத்தைப் பற்றி மரியாதைக் குறைவாகப் பேசுவார்."

மச்சான் தன் எருமையைக்கூட மரியாதைக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. பாஸ்போர்ட் போனால் போகட்டும். இந்த அறிக்கையின் நகல் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டருக்குப் போனால் வாத்தியார் சர்டிபிகேட்டே ரத்தாகிவிடும். அப்புறம் நேட்டாலும் இல்லை, அந்த ஐந்து வகுப்புக் கூடமும் இல்லை.

சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே கிராமத்துக்குப் போனேன். அக்காவிடம் சொன்னதும் அவள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். "அன்னைக்கு அத்தனை பேரு முன்னால பட்டியல் வாசிச்சயே! வாய வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டியாடா கண்ணு?"

மணியகாரர் என்னைக் கண்டதும் மோர் கொண்டுவரச் சொன்னார். நான் குடிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னேன்.

"ஆமாங் தம்பி, வாத்தியாரு ஊர விட்டுப் போவக்கூடாதுன்னு நாந்தான் சொல்லிப்போட்டேன். பைத்தியம்னு சொல்ல மனசு வருலீங்க. ஜெயிலுன்னா அவமானம். காங்கிரசுன்னா ஒரு கௌரவமா இருக்குமுன்னு..."

"வேலையே போயிடுமுங்க."

"எந்த வேல?"

"இந்த வேலை. இந்த ஊர் வேலை."

அவர் கையிலிருந்த வெற்றிலை அப்படியே நின்றது. "அதத்தானுங்க நீங்க அன்னைக்குச் சொல்லுலியே" என்றார். நியாயமான குற்றச்சாட்டு. வேலை போவது வேறு புத்தகத்தில் இருந்தது.

போலீஸ் அறிக்கையைக் கிழிக்க முடியாது. ஆனால் குறை கண்டு திருப்பி அனுப்பலாம். 'நூல் எதற்காக நூற்கப்பட்டது, மரியாதைக் குறைவான சொற்கள் யாவை, எந்தத் தேதியில், யார் முன்னிலையில் என்ற விவரம் இல்லை. மறுவிசாரணை செய்து தெரிவிக்கவும்' என்று குறிப்பெழுதி மேலே வைத்தேன். கையெழுத்தாகி வந்தது. கேள்வி கேட்டு எழுதினால் எங்கள் ஆபீஸில் எவரும் மறுத்ததில்லை.

மணியகாரர் சலவை வேட்டி கட்டிக்கொண்டு பஸ் ஏறிக் கோயமுத்தூருக்கே வந்து, சப் இன்ஸ்பெக்டர் முன் மறுவாக்குமூலம் கொடுத்தார். நூல், வாத்தியார் சம்சாரம் விளக்குத் திரிக்காகத் திரித்தது. மரியாதைக் குறைவாகப் பேசியது யார் என்று தீர விசாரித்ததில், அது தாமே என்று தெரியவந்தது. அந்தக் கடைசி வரியை சப் இன்ஸ்பெக்டர் வயதைக் கருதி விட்டுவிட்டார்.

பிறகு மணியகாரர் என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். ஆபீஸ் முழுவதும் பார்த்தது.

"போவட்டுங்க. நல்லா இருக்கட்டும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க தம்பி. ரங்கூன் போனவன் எவனாச்சும் திரும்பி வந்திருக்கானா?"

"அபூர்வமுங்க."

"மலாயா?"

"இஷ்டம் இருந்தா வரலாம்."

"அந்த நேட்டாலு?"

"சீட்டில் மூன்று வருஷம் என்று போட்டிருக்கும். அதற்கு மேல் இருக்க விட மாட்டார்கள்."

அவர் முகம் மலர்ந்ததை நான் இன்றும் மறக்கவில்லை. இந்தியர்களை உள்ளே விடாத ஒரு சட்டத்தை அவ்வளவு பிரியத்தோடு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். "அப்ப அதுதானுங்க நல்ல ஊரு! சொல்லிவெச்சாப்புல அனுப்பிப்போடுவாங்க. பாஸ்போட்டச் சீக்கிரம் வாங்கிக் குடுங்க."

மார்கழியில் பாஸ்போர்ட் வந்தது. அக்காவின் படமும் அதிலேயே ஒட்டியிருந்தது, சிரிக்கக்கூடாது என்று படம் பிடிப்பவர் சொன்னதால் கோபமான முகத்துடன். போத்தனூர் ஸ்டேஷனுக்குக் கிராமமே வந்திருந்தது. அக்கா ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ரயில் நகர்ந்த பிறகு மணியகாரர் என் தோளைத் தொட்டார்.

"ஏனுங் தம்பி, மூணு வருசம்னா மூணு வருசந்தானுங்களே? நீட்டிக்கிறது கீட்டிக்கிறதுன்னு வழி ஏதாச்சும்..."

வழி உண்டு. பள்ளி நிர்வாகம் சிபாரிசு செய்தால், சீட்டு முடிவதற்கு முன்பே மனுப் போட்டால், ஒவ்வொரு வருடமாக நீட்டித்துக்கொள்ளலாம். பக்க எண்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. நெஞ்சுவரை வந்துவிட்டது.

"நேரமாச்சுங்க, போலாம்" என்றேன்.