மணிக்கட்டில் ஒரு பெயர்

நிரூபா ஒன்பது வயதில் இலங்கையிலிருந்து அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்தவள். 2012ஆம் ஆண்டின் கடைசியில், தாய் இராஜேஸ்வரியின் மடியில் தலைவைத்தபடி பதினாறு நாள் கடலில் கிடந்து வந்தாள். தகப்பன் 2009இல் வன்னியில் காணாமல் போனவர். தாயும் மகளும் மெல்பேர்னின் தென்கிழக்கே டண்டினோங்கில், ஒரு வீட்டின் பின்பக்கம் சேர்த்துக் கட்டிய இரண்டு அறைகளில் குடியிருந்தார்கள். அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடும் நிராகரிக்கப்பட்டது. அதன்பிறகு கையில் இருந்தது பிரிட்ஜிங் விசா மட்டும். அதில் இருக்கலாம், வேலை செய்யலாம். எந்த நாளும் போகச் சொல்லிக் கடிதம் வரலாம். பன்னிரண்டு வருடம் அப்படியே போனது.

அந்தப் பன்னிரண்டு வருடத்தில் அவளுக்கு நல்லபடியாக நடந்த ஒரே காரியம் உதைபந்தாட்டம். உயரமான பெண், பின்களத்தில் நடுவில் நிற்பாள். ஓட்டத்தில் பெரிய கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது. ஆனால் பந்து எங்கே வந்து விழும் என்பது அடிக்கிறவளுக்கு முதல் இவளுக்குத் தெரிந்துவிடும். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் எலிங்ஃபர்ட் கல்லூரியின் கோச் கிரெய்க் அவளை ஒரு போட்டியில் பார்த்தார். அவளுடைய விசாவில் மேலே படிப்பதென்றால் வெளிநாட்டு மாணவர்களின் கட்டணம் கட்ட வேண்டும். இராஜேஸ்வரி அதை நினைத்தும் பார்க்க முடியாது. கிரெய்க்தான் கல்லூரியோடு பேசி விளையாட்டுப் புலமைப்பரிசில் வாங்கித் தந்தார். ஒவ்வொரு அரையாண்டு முடிவிலும் அவர் ஒரு கடிதம் எழுதினால்தான் அது தொடரும்.

கிரெய்க் கெட்ட மனிதர் அல்ல. இதைச் சொல்லாமல் கதையைச் சொல்வது நியாயமில்லை. ஐம்பது தாண்டியவர், குரலை உயர்த்திப் பேச மாட்டார். இராஜேஸ்வரி பித்தப்பைக் கல்லோடு ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை முழுவதும் நிரூபாவைத் தன் காரில் ஏற்றிப் போய் ஏற்றி வந்தார். குடிவரவு அமைச்சரிடம் தனிப்பட்ட வேண்டுகோளாக விசா கேட்டு விண்ணப்பித்தபோது, வழக்கறிஞர் ஒரு பக்க ஆதரவுக் கடிதம் கேட்டார்; கிரெய்க் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். ‘இவளைப் போல ஒழுக்கமுள்ள ஒரு வீராங்கனையை இருபது வருடத்தில் நான் கண்டதில்லை’ என்று அதில் இருந்தது. இராஜேஸ்வரி அந்தக் கடிதத்தின் பிரதியைச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள்.

2024 ஜூலையில், நிரூபாவைப் போல நிரந்தர விசா இல்லாமல் கிடந்தவர்கள் நகரத்தில் குடிவரவு அலுவலகத்துக்கு முன்னால் கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். தமிழரும் வேறு நாட்டவரும் இருந்தார்கள். இரவும் பகலும், மழையிலும் குளிரிலும் இருந்தார்கள். நிரூபா வகுப்பு முடிந்து ரயிலேறிப் போய் ஒன்றிரண்டு மணிநேரம் அவர்களோடு இருந்துவிட்டு வருவாள். அங்கே அருந்தவன் இருந்தான். இவர்கள் வந்த அதே படகில் வந்தவன். கடலில் தண்ணீர் தீர்ந்த நாளில் தன் பங்கை இவளுக்கு ஊற்றிக் கொடுத்தவன். அப்போது அவனுக்கே பதினேழு வயதுதான். இப்போது இருபத்தொன்பது. டண்டினோங்கில் டயர் கடையில் வேலை. இவளுடைய போட்டிகளுக்கு வந்து, மைதானக் கோட்டுக்கு வெளியே கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் நின்று பார்த்துவிட்டுப் போவான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அருந்தவனுக்குக் கடைசி நிராகரிப்பு வந்தது. வெள்ளிக்கிழமை அவன் தன் அறையில் உயிரை முடித்துக்கொண்டான்.

அடுத்த நாள் சனிக்கிழமை, போட்டி இருந்தது. நிரூபா போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். வீட்டில் இருக்கவும் முடியவில்லை. உடை மாற்றும் அறையில் இடது மணிக்கட்டில் வெள்ளைப் பிளாஸ்ரர் சுற்றி, கறுப்பு மையால் ‘அருந்தவன்’ என்று தமிழில் எழுதினாள். வேறொன்றும் எழுதவில்லை. இரண்டாம் பாதியில் ஒரு மூலை உதையில் பந்து அவள் நெற்றியில் பட்டு வலைக்குள் போனது. பின்களத்துக்காரி கோல் போடுவது அபூர்வம். எல்லோரும் அவளைக் கட்டிப்பிடிக்க ஓடி வந்தார்கள். அவள் இடது கையை மேலே தூக்கிக்கொண்டு அழுதபடி நின்றாள்.

மாணவர் செய்தித்தாளுக்காகப் படம் எடுத்த பெண் அதைப் படம் எடுத்தாள். அது யாருடைய பெயர் என்று கேட்டபோது நிரூபா, விசா மறுக்கப்பட்டு இறந்தவன் என்று உள்ளதைச் சொன்னாள். திங்கட்கிழமை அந்தப் படம் எங்கும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை கிரெய்க் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையைக் காட்டினார். இருவரும் பேசியது ஆங்கிலத்தில்.

“உன் நண்பனுக்காக நான் வருந்துகிறேன், உண்மையாகவே. ஆனால் உடையில் அரசியல் எழுதக் கூடாது என்பது விதி.”

“அது அரசியல் இல்லை. ஒருவருடைய பெயர்.”

“நீ அந்தப் பெண்ணிடம் சொன்னதற்குப் பிறகு அது வெறும் பெயர் இல்லை, நிரூபா.”

“ஏப்ரலில் போரில் செத்தவர்களுக்காக எங்கள் எல்லோருக்கும் கறுப்புப் பட்டி தந்தீர்கள். ஜூனில் தன்பாலின விருப்பமுள்ளவர்களுக்கு ஆதரவாக வானவில் நிறச் சப்பாத்துக் கயிறு தந்தீர்கள். நான் இரண்டையும் சந்தோஷமாகப் போட்டேன்.”

“அவை நிர்வாகக் குழு தீர்மானித்தவை.”

“நான் கேட்டிருந்தால் குழு தீர்மானித்திருக்குமா?”

அவர் மேசையில் ஒரு தாளை அவள் பக்கமாகத் தள்ளினார். கல்லூரி தயாரித்த அறிக்கை, அவள் பெயரில். விளையாட்டில் அரசியலைக் கொண்டுவந்ததற்கு வருந்துகிறேன் என்றும், குறிப்பிட்ட நபரின் மரணம் தனிப்பட்ட விஷயம், அதை எந்தக் கோரிக்கையோடும் தொடர்புபடுத்துவது என் நோக்கமல்ல என்றும் அதில் இருந்தது.

“இதில் கையெழுத்துப் போடாவிட்டால்?” என்று கேட்டாள்.

கிரெய்க் பேனாவைத் தாளின்மேல் வைத்தார். “நான் உன்னை மிரட்டவில்லை. ஆனால் அமைச்சருக்கு எழுதிய கடிதத்தில் ஒழுக்கம் என்று எழுதியிருக்கிறேன். என்னுடைய பெயரும் அதில் இருக்கிறது. என்னிடம் யாராவது கேட்டால், அதை இன்னும் சொல்கிறேன் என்று என்னால் சொல்ல முடிய வேண்டும்.”

நிரூபா தாளை மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

இராஜேஸ்வரி குசினியில் நின்றபடியே முழுவதையும் கேட்டாள்.

“அவர் என்ன கேக்கிறார் பிள்ளை? ஒரு கையெழுத்துத்தானே. போட்டுக் குடு.”

“அம்மா, இதில என்ன எழுதியிருக்கினமெண்டு உங்களுக்கு விளங்கினதோ?”

“எனக்கு விளங்கத் தேவையில்லை. அந்தக் கடிதமும் இல்லாட்டி எங்களிட்ட வேற என்ன இருக்கு? என்னை அங்க திருப்பி அனுப்பினா நான் ஆரிட்டப் போய் நிக்கிறது?”

“அருந்தவன் அண்ணா எங்களுக்கு ஆரோ தெரியாத ஆள் மாதிரி எழுதியிருக்கு.”

“செத்தவனுக்கு இனி என்னத்துக்கு விசா,” என்றாள் இராஜேஸ்வரி. சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதில் விழுந்தது போல. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சுவரோடு சாய்ந்து கீழே இருந்துவிட்டாள். நிரூபா அவளைத் தூக்கிக் கதிரையில் இருத்தினாள். பிறகு மேசையில் தாளை விரித்துக் கையெழுத்துப் போட்டு, கைபேசியில் படமெடுத்து அனுப்பினாள்.

அறிக்கை கல்லூரியின் இணையப் பக்கத்தில் அன்று மாலையே வந்தது. அணித்தலைவி ஹன்னா, ‘நாங்கள் எல்லோரும் உன்னோடு இருக்கிறோம்’ என்று சிவப்பு இதயம் போட்டுச் செய்தி அனுப்பினாள். மற்றவர்களும் அனுப்பினார்கள். சனிக்கிழமை கிரெய்க் நிரூபாவைப் பெஞ்சில் இருத்தினார். விஷயம் கொஞ்சம் ஆறட்டும் என்றார். அதற்கடுத்த சனிக்கிழமையும் பெஞ்ச். கையெழுத்துப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகும் என்று அவள் நினைத்திருந்தாள். ஹன்னா கோச்சிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் அந்த வருடம் மாநில அணித் தெரிவுக்குக் கோச்சின் பரிந்துரையை எதிர்பார்த்திருந்தவள். நிரூபா அவளைக் குறை சொல்லவில்லை. தானே அப்படிச் செய்தவள்தானே.

கூடாரத்துக்குப் போக இரண்டு கிழமை அவளுக்குத் துணிவு வரவில்லை. ஒரு நாள் போனாள். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கூடாரத்தைப் பார்த்துக்கொண்ட சிவமணி, தள்ளி உட்கார்ந்து அவளுக்கு இடம் கொடுத்தார்.

“தேத்தண்ணி குடிக்கிறியோ பிள்ளை?”

“நான் பயந்துதான் கையெழுத்துப் போட்டனான், அங்கிள்.”

“ஓம், தெரியும்.” அவர் கோப்பையை அவள் கையில் கொடுத்தார். பிறகு, சொல்லலாமா விடலாமா என்று யோசித்தவர் போல, “அருந்தவன்ர தாய் வவுனியாவில இருந்து போன் எடுத்தவ. ஆரோ ஒரு பிள்ளை அவன்ர பேரை எழுதி விளையாடினதாம், பிறகு ஏதோ எழுதியும் விட்டதாம், அதை வாசிச்சுச் சொல்லுங்கோ எண்டு கேட்டவ. நான் லைன் சரியில்லையெண்டு சொல்லி வச்சிட்டன்,” என்றார்.

நிரூபாவால் அந்தத் தேநீரைக் குடிக்க முடியவில்லை. அன்று ரயிலில் டண்டினோங்கில் இறங்க மறந்து கடைசி நிலையம் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள்.

செப்டெம்பர் நடுவில் அரையிறுதி. மைதானத்தில் காற்று கடுமையாக அடித்தது. அறுபதாவது நிமிடத்தில் எலிங்ஃபர்ட் ஒரு கோல் பின்னுக்கு நின்றது. பின்களத்தில் ஒருத்தி முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். கிரெய்க் திரும்பிப் பார்த்தார். பெஞ்சில் நிரூபாவை விட்டால் வேறு ஆள் மிச்சம் இல்லை.

அவள் மேலங்கியைக் கழற்றிவிட்டுக் கோட்டருகே போய் நின்றாள். அருந்தவன் செத்த பிறகு முதல்முறையாக, விளையாட வேண்டும் என்று அவளுக்கு ஆசையாக இருந்தது. அதைப் பின்னர் அவளே வெட்கத்தோடு சொன்னாள்.

“கையைக் காட்டு,” என்றார் கிரெய்க்.

அவள் விளங்காமல் பார்த்தாள்.

“இரண்டு கையும்.”

அணியும் எதிரணியும் நடுவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். கிரெய்க் அவளுடைய சட்டைக் கையை முழங்கை வரை மேலே தள்ளி, ஒரு பக்கம் பார்த்து, திருப்பி மறுபக்கமும் பார்த்தார். ஒன்றும் இல்லை. “சரி, போ,” என்று முதுகில் தட்டினார்.

நிரூபா போகவில்லை. நடுவர் அவசரமாகக் கையசைத்தார். “படகில் வந்து கிறிஸ்மஸ் தீவில் இறங்கின அன்றைக்கும் அதிகாரிகள் இப்படித்தான் கையைத் திருப்பிப் பார்த்தார்கள்,” என்று அவள் கிரெய்க்கிடம் சொன்னாள். அவளுடைய குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. பிறகு ஐந்தாம் இலக்கச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, உள்ளே போட்டிருந்த கறுப்புப் பெனியனோடு நின்று, சட்டையை மடித்துப் பெஞ்சில் வைத்தாள்.

“நிரூபா, முட்டாள்தனம் செய்யாதே,” என்றார் கிரெய்க். அவர் முகம் வெளிறியிருந்தது. “இப்போது நீ போனால் நான் உனக்கு ஒன்றும் செய்ய முடியாது.”

“தெரியும்,” என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு வாகனத் தரிப்பிடத்தைக் கடந்து நடந்தாள். பின்னால் ஒருவரும் வரவில்லை. எலிங்ஃபர்ட் பத்துப் பேரோடு விளையாடித் தோற்றது.

அடுத்த கிழமை அவள் கூடாரத்தில் ஒலிவாங்கி முன்னால் நின்று, தமிழிலும் ஆங்கிலத்திலும் நான்கு வசனம் பேசினாள். அந்த அறிக்கை நான் எழுதியதல்ல, பயத்தில் கையெழுத்துப் போட்டது, அருந்தவனின் மரணத்துக்கும் அவன் காத்திருந்த பன்னிரண்டு வருடத்துக்கும் தொடர்பு இருக்கிறது, அவனுடைய தாயிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவ்வளவுதான். அறிக்கையை நீக்கச் சொல்லிக் கல்லூரிக்கு எழுதினாள். கல்லூரி நீக்கவில்லை. அது இன்னும் அங்கே அவளுடைய பெயரோடு இருக்கிறது.

கிரெய்க் அரையாண்டுக் கடிதம் எழுதவில்லை. அவள் இப்போது அணியில் இல்லை என்று ஒரு வரி மட்டும் கல்லூரிக்கு அனுப்பினார். புலமைப்பரிசில் வருட முடிவோடு நின்றது. பட்டத்துக்கு ஒரு வருடம் மீதி இருந்தது. அமைச்சருக்கு எழுதிய கடிதத்தை அவர் திரும்பப் பெற்றாரா இல்லையா என்பது வழக்கறிஞருக்கும் தெரியவில்லை. நிரூபா மூன்று முறை கிரெய்க்கின் இலக்கத்தை எடுத்து, அழுத்தாமல் வைத்தாள். இராஜேஸ்வரி ஒன்பது நாள் மகளோடு பேசவில்லை. சோறு போட்டுவைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விடுவாள்.

2025 மார்ச்சில் அமைச்சரிடமிருந்து பதில் வந்தது. வழக்கறிஞரின் அலுவலகத்துக்கு வெளியே, பஸ் தரிப்பிட வாங்கில் இருந்து இருவரும் வாசித்தார்கள். அமைச்சர் இந்த வேண்டுகோளைப் பரிசீலிக்கவில்லை என்று ஒரு பந்தி. காரணம் இல்லை.

இராஜேஸ்வரி தாளைத் திருப்பி மறுபக்கத்தையும் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை.

“பிள்ளை,” என்றாள். “நீ அண்டைக்கு விளையாடியிருந்தா இது வேற மாதிரி வந்திருக்குமோ?”

நிரூபா அந்தக் கேள்வியைத் தன்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருந்தாள். வேண்டுகோள்களில் பெரும்பாலானவை இப்படித்தான் வருகின்றன என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். அது உண்மையாக இருக்கலாம். அவளை ஆறுதல்படுத்தச் சொன்னதாகவும் இருக்கலாம்.

“தெரியாது அம்மா,” என்றாள்.

“எனக்கும் தெரியாது.” இராஜேஸ்வரி கடிதத்தை நான்காக மடித்தாள். “அது தெரியாமலே இனி இருக்க வேணும், என்ன.”

நிரூபா இப்போது கீஸ்பரோவில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் வேலை செய்கிறாள். மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கிறது என்கிறாள், இருபத்திரண்டு வயது. வழக்கறிஞர் இன்னொரு விண்ணப்பம் போடலாம் என்றும், ஆதரவுக் கடிதங்கள் புதிதாகத் தேவைப்படும் என்றும் சொன்னார். யாரிடம் கேட்கலாம் என்று ஒரு தாளில் பெயர்களை எழுதச் சொன்னார். அவள் ஒரு மணிநேரம் யோசித்து இரண்டு பெயர் எழுதினாள். சிவமணிக்கே நிரந்தர விசா இல்லை என்று வழக்கறிஞர் முதலாவதை வெட்டினார். இரண்டாவது, அருந்தவன் வேலை செய்த டயர் கடையின் முதலாளி. அவருக்குத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். இன்னும் பதில் வரவில்லை.