திருட்டு முழி இல்ல, டிரெசரே

டிரெசர் செத்துட்டாராம். காலையில நம்ம எஸ்டேட் வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருந்தாங்க.

செமோர் பக்கம் நம்ம பழைய எஸ்டேட் ஆஸ்பத்திரியில மருந்து கொடுத்து, ஊசி போட்டவரு. கோயில் தலைவரும் அவர்தான். எல்லாரும் "நல்ல மனுசன்"னு கமென்ட் போடுறீங்க. போடுங்க. நான் அஞ்சாம் வகுப்போட நின்னவ... ஆனா பொய் எழுத வராது.

என் தம்பி முனியாண்டிய உங்களுக்குத் தெரியும். இருபது வயசுல அவனுக்கு மனநோய் வந்துச்சு. ஸ்கிசோஃப்ரினியா. அப்ப எங்க யாருக்கும் அந்தப் பேரு தெரியாது.

அந்த வருசம் கோயில் குத்துவிளக்கக் காணோம். கோயில் கூட்டுறது தம்பிதான். டிரெசர் அவனச் சாமி முன்னால நிறுத்தி, கற்பூரத் தட்ட முகத்துக்கு நேரா இப்படியும் அப்படியும் ஆட்டினாரு.

"நெருப்பையே பாருடா."

பாத்தான். கண்ணு நெருப்போட சேந்து போகல... நின்னுச்சு, தவ்வுச்சு, மறுபடியும் நின்னுச்சு.

"பாத்தீங்களா, திருட்டு முழி. சாமியே காட்டிக் கொடுத்திருச்சு."

அத்தன பேரும் தலையாட்டினீங்க. அதுக்குப் பெறகு அவன் கோயில் படி ஏறல.

அடுத்த வாரம் விளக்கு வந்துச்சு. ஈப்போவுல பாலிஷ் போடக் கொடுத்திருந்ததாம். கொடுத்ததே டிரெசர்தான். மறந்துட்டாராம். எங்க வீட்டுப் பக்கம் ஒருத்தரும் வரல.

ரொம்ப வருசம் கழிச்சு, பெரிய ஆஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா பேனாவ அவன் முன்னால மெதுவா நகத்தினாங்க. கண்ணு அதே மாதிரி தவ்வுச்சு. "இவன் திருடன் இல்லம்மா"ன்னு முந்திக்கிட்டேன்.

"பயப்படாதீங்கம்மா. இந்த நோய் உள்ள நெறைய பேருக்குக் கண்ணு இப்படித்தான்லா ஓடும். அவரு எதையும் மறைக்கல."

நேரா டிரெசர் வீட்டுக்குப் போனேன். திருவிழா அன்னிக்கு, அதே எடத்துல, "முனியாண்டி எடுக்கல"ன்னு ஒரு வார்த்த சொல்லுங்கன்னு கேட்டேன்.

"பாப்போம்லா."

பூச்செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டே சொன்னாரு. என் மூஞ்சிய நிமிந்து பாக்கல. அவரு கண்ணுக்கு எந்த நோயும் இல்ல.

பதினோரு திருவிழா போச்சு.

இன்னிக்கு அவரு போட்டோவத் தம்பிகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் சட்டக் காலரையே பாத்துக்கிட்டு இருந்தான்.

"அக்கா, விளக்கு கெடச்சிருச்சா?"

"கெடச்சிருச்சுடா"ன்னேன். எத்தனாவது தடவையோ...

டிரெசரே, போயிட்டு வாங்கன்னு என் வாயில வராது.

போங்க.